சந்தைத் திடலில் உருவான நடிகர்: கலிபெக் குவானிஷ்பாயெவ் குறித்த விவாதம்

வாசகர் ஒருவரின் கூற்று, 13 ஜனவரி 2026

கஸாக் நாடக அரங்கம் தொடங்கி இன்றோடு நூறாண்டு நிறைகிறது. ஆனால் 1926-க்கு முன் கஸாக் மக்களிடம் நாடகம் என்று எதுவும் இருந்ததில்லை. மேடை, ஒப்பனை, ஒத்திகை, நடிகர் ஆகிய அனைத்தும் சோவியத் அரசு கொண்டுவந்து கொடுத்தவை. குவானிஷ்பாயெவ் முதலான முதல் தலைமுறையினரும் அந்த அரசு உருவாக்கியவர்களே. இதில் மறுப்பதற்கு ஏதேனும் உண்டா?

14 ஜனவரி

நிறையவே உண்டு. கட்டடம், மாதச் சம்பளம், அரசு ஆணை ஆகியவை 1926-இல் வந்தன என்பது உண்மை. அந்த ஆண்டு ஜனவரி 13 அன்று, அப்போது கஸாக் குடியரசின் தலைநகராக இருந்த கிசிலோர்தாவில், கஸாக் மொழியின் முதல் தொழில்முறை நாடக அரங்கம் திறக்கப்பட்டது. ஆனால் அந்த மேடையில் வந்து நின்றவர்கள் எங்கே நடிக்கக் கற்றார்கள் என்று கேட்டால், விடை வேறு திசையில் போகிறது. கலிபெக் குவானிஷ்பாயெவ் பிறந்தது 1893 ஏப்ரலில். கிசிலோர்தாவில் திரை விலகியபோது அவருக்கு முப்பத்திரண்டு வயது. அதற்கு முன் எந்த நாடகப் பள்ளியிலும் படித்தவர் அல்லர். ஆயினும் பல கோடைகளில், அரங்கமே இல்லாத வெட்டவெளியில், ஆயிரம் வேலைகளோடு வந்த மக்களை நிறுத்திச் சிரிக்கவைத்துப் பழகியவர். அரசு அவரை உருவாக்கவில்லை. ஏற்கெனவே உருவாகியிருந்த ஒருவருக்கு ஒரு கூரையைக் கொடுத்தது.

15 ஜனவரி

வெட்டவெளி என்று நேற்று எழுதியது எந்த இடம் என்று மூவர் கேட்டிருக்கிறார்கள். அதை விரிவாகச் சொன்னால்தான் மற்றவை விளங்கும்.

இன்றைய கரகண்டி மாகாணத்தின் கிழக்குப் பகுதியில் கர்கராலி என்ற சிறு நகரம் இருக்கிறது. அதிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், சமவெளியின் நடுவே, கொயாண்டி என்ற இடத்தில் 1848-இல் போத்தோவ் என்ற வணிகர் ஒரு சந்தையைத் தொடங்கினார். மே மாதக் கடைசியில் கூடி, ஏறத்தாழ ஒரு மாதம் நடந்து கலையும் சந்தை அது. ஆடு, குதிரை, மாடு, தோல், கம்பளி ஆகியவற்றைக் கஸாக் மேய்ப்பர்கள் ஓட்டியும் ஏற்றியும் வந்தார்கள். துணி, தேயிலை, சர்க்கரை, இரும்புச் சாமான் ஆகியவற்றோடு ரஷ்ய, தாத்தார், மத்திய ஆசிய வணிகர்கள் வந்தார்கள். 1930 வரை அது தொடர்ந்து நடந்தது.

சந்தைக்கு வருபவர்களுக்குச் சரக்கு மட்டும் போதாது. நீண்ட குளிர்காலம் முழுவதும் சிதறிக் கிடந்த குடும்பங்களும் குலங்களும் ஒன்றுகூடும் இடம் என்பதால், பாடகர்கள், ஐதிஸ் எனப்படும் பாட்டுப் போட்டியில் எதிரெதிரே அமர்ந்து உடனுக்குடன் கவி கட்டும் புலவர்கள், மல்லர்கள், கழைக்கூத்தாடிகள் ஆகிய எல்லோரும் அங்கே திரண்டார்கள். உலகப் புகழ்பெற்ற மல்லர் கஜிமுகான் முனைத்பாசோவ் அங்கே கோதாவில் இறங்கியிருக்கிறார். ஷாஷுபாய் என்ற புலவர் அக்கார்டியன் வாத்தியத்தை வாசித்துக்கொண்டே உடல் வித்தைகளும் காட்டுவார். தோம்ப்ரா வாசிப்பவரின் விரல்களில் நூலைக் கட்டி, அவர் தந்தியை மீட்டும்போதெல்லாம் முன்னால் நிற்கும் மரத்தாலான மலையாட்டுப் பொம்மையைத் துள்ளவைக்கும் ஒர்தெக்கே என்ற கலை கஸாக் மக்களிடம் பழங்காலந்தொட்டு உண்டு. 2022-இல் யுனெஸ்கோ அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஐதிஸ் அந்தப் பட்டியலில் 2015-லேயே இடம்பெற்றுவிட்டது.

இந்தக் கூட்டத்துக்குள்தான் கர்கராலி வட்டாரத்துக்காரரான கலிபெக், சிரிப்பூட்டுபவராக அறிமுகமானார். ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, இளமையில் கூலி வேலை செய்தவர். செல்வந்தரின் நடை, முல்லாவின் குரல், அதிகாரியின் மிடுக்கு ஆகியவற்றை அந்த வகை மனிதர்களே சுற்றிலும் நின்று பார்க்கும்போது செய்துகாட்டுவது எளிதான வேலை அன்று. கேலி செய்யப்படுபவர் கூட்டத்தின் நடுவிலேயே நிற்பார். சிறிது கூடினால் அடி விழும், சிறிது குறைந்தால் கூட்டம் நகர்ந்துவிடும். காற்று வீசும், கால்நடை கத்தும், பக்கத்தில் மல்யுத்தம் நடக்கும். அந்த ஓசைக்கு மேலே தன் குரலைக் கொண்டுபோய்க் கடைசி வரிசைக்குச் சேர்க்கத் தெரிந்தவனே அங்கே பிழைக்க முடியும். இதற்குப் பயிற்சி என்று பெயரில்லை என்றால், பயிற்சி என்று வேறு எதைச் சொல்வது?

15 ஜனவரி, இரவு

மேலே உள்ளதில் ஒன்றைச் சேர்க்கிறேன். கொயாண்டிக்கு வந்த கலைஞர்கள் பொழுதுபோக்குக்காக மட்டும் வந்தவர்கள் அல்லர். அங்கே பெயர் பெற்றால் அந்தப் பெயர் சந்தை கலைந்தபின் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள குடியிருப்புகளுக்கும் பரவும். செய்தித்தாள் அரிதாக இருந்த சமவெளியில் ஒரு கலைஞனின் மதிப்பை முடிவு செய்த இடம் அது. கிசிலோர்தாவில் அரங்கம் அமைக்க முனைந்தவர்கள் ஆள் தேடியபோது கலிபெக்கின் பெயர் அவர்களுக்கு எட்டியிருந்தது என்றால், அந்தப் பெயரைச் சுமந்துசென்றது இந்தச் சந்தையே என்று நான் நம்புகிறேன்.

17 ஜனவரி

"சிரிப்பூட்டுவதும் பாடுவதும் நாடகம் ஆகாது, எழுதப்பட்ட பாத்திரமும் கதையும் வேண்டும்" என்று முதல் வாசகர் பதில் எழுதியிருக்கிறார். நியாயமான மறுப்பு. அதற்கும் விடை இருக்கிறது.

1917 கோடையில், செமேய் நகரத்துக்கு அப்பால், சிங்கிஸ் மலைப்பகுதியிலுள்ள ஒய்குதிக் என்ற இடத்தில், முக்தார் அவுயெஸோவ் எழுதிய "எங்லிக்–கெபெக்" நாடகம் நடிக்கப்பட்டது. அவுயெஸோவுக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை. பகைகொண்ட இரு குலங்களைச் சேர்ந்த காதலர்கள் ஓடிப்போய் மலையில் வாழ்ந்து, பிடிபட்டு, குலத் தலைவர்களின் தீர்ப்பால் கொல்லப்பட்ட பழைய நிகழ்ச்சி அது. கவிஞர் அபாயின் மனைவி அய்கெரிமின் இடத்தில், இரண்டு கம்பளிக் கூடாரங்களை இணைத்து, ஒன்றை மேடையாகவும் மற்றொன்றை அவையாகவும் ஆக்கிக்கொண்டார்கள். எழுதப்பட்ட பாத்திரம், எழுதப்பட்ட கதை, நடிகர், பார்வையாளர் ஆகிய நான்கும் அங்கே இருந்தன. அக்டோபர் புரட்சிக்கு அப்போது இன்னும் சில மாதங்கள் இருந்தன.

1920-களின் தொடக்கத்தில் செமேயில் "எஸ்-அய்மாக்" என்ற குழு நாடகங்களும் இசை நிகழ்ச்சிகளும் நடத்தியது. பிற்காலத்தில் கிசிலோர்தா அரங்கின் முதல் இயக்குநரான ஜுமாத் ஷானின், பாடகர் அம்ரே கஷாவுபாயெவ், உடனடிக் கவி ஈசா பைஸாகோவ் ஆகியோர் அந்த வட்டத்திலிருந்து வந்தவர்கள். ஆகவே 1926 என்பது மூன்று ஓடைகள் கலந்த ஆண்டு என்றே நான் பார்க்கிறேன். படித்த இளைஞர்களின் எழுத்து நாடகம் ஒன்று, சந்தையின் வாய்மொழிக் கலை மற்றொன்று, அரசின் பணமும் ஆணையும் மூன்றாவது. மூன்றாவதை மட்டும் சொல்லி மற்ற இரண்டையும் விட்டுவிடுவதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

18 ஜனவரி

கலிபெக் பாரிஸ் போய்ப் பாடியவர்தானே என்று ஒரு வாசகர் கேட்கிறார். பாரிஸ் போய்ப் பாடியவர் கலிபெக் அல்லர். 1925-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியின்போது அங்கே பாடிப் புகழ்பெற்றவர் அம்ரே கஷாவுபாயெவ். திரும்பி வந்தபின் அவரும் கிசிலோர்தா குழுவில் சேர்ந்ததால் இருவரின் வாழ்க்கையும் சிலரின் நினைவில் கலந்துவிடுகின்றன. அம்ரே 1934-இல் இறந்துவிட்டார். கலிபெக் 1968 வரை வாழ்ந்தார்.

21 ஜனவரி

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தபோது, சந்தையின் பக்கம் மட்டும் எடை கூடியிருப்பதாகத் தோன்றியது. அரங்கம் அவருக்கு எதைக் கொடுத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

சந்தைக் கலைஞனுக்குத் தன் சொல்லே மூலதனம். கூட்டத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்லை மாற்றுவான், நீட்டுவான், வெட்டுவான். நேற்றுச் சிரித்த இடத்தில் இன்று சிரிக்கவில்லை என்றால் அந்த இடமே நாளை இருக்காது. அரங்கத்தில் சொல் வேறொருவருடையது. அது மாறாது. எதிரே நிற்கும் நடிகர் அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் தன் சொல்லைத் தொடங்குவார். பார்வையாளர் இருளில் இருக்கிறார், முகம் தெரியாது. இவற்றையெல்லாம் முப்பது வயதுக்கு மேல் புதிதாகக் கற்பது கடினம். கற்றுக்கொடுக்க மூத்தவர்கள் யாரும் இல்லை, ஏனென்றால் அவர்களே மூத்தவர்கள். சேர்கே கொஜம்குலோவ், யெலுபாய் உமுர்சாகோவ், கபான் பாதிரோவ், குர்மான்பெக் ஜந்தர்பெகோவ் என்று அந்தக் குழுவில் இருந்த எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தே கற்றார்கள்.

ஜுமாத் ஷானின் இங்கே முக்கியமானவர். அவர் இயக்கினார், எழுதினார், நடிகர்களைச் சேர்த்தார். அவருடைய "அர்காலிக் பாத்திர்" நாடகம் தொடக்க கால மேடையில் இடம்பெற்றது. கல்வி மக்கள் ஆணையராக இருந்த ஸ்மாகுல் சத்வகாசோவ் அரசுக்குள்ளிருந்து இந்த முயற்சியைத் தாங்கிப் பிடித்தார். அவர் இல்லாமல் கட்டடமும் சம்பளமும் அத்தனை விரைவில் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. அதாவது, "அரசு கொடுத்தது" என்று சொல்லும் இடத்திலும் அதற்காக அரசுக்குள் வாதாடிய கஸாக் இளைஞர் ஒருவர் நிற்கிறார்.

21 ஜனவரி, சற்று நேரம் கழித்து

1929-இல் தலைநகரம் அல்மா-அத்தாவுக்கு மாறியபோது அரங்கமும் உடன் மாறியது. இந்தக் கட்டத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை.

25 ஜனவரி

இதைப் பற்றி எழுதாமல் கடந்துபோக முடியாது என்பதால் எழுதுகிறேன். 1930 முதல் 1933 வரை கஸாக் சமவெளியில் நிகழ்ந்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பதினைந்து லட்சம் பேர் மாண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் கஸாக் மக்கள். கால்நடைகளைப் பறிமுதல் செய்து, நாடோடி மேய்ப்பர்களை வலிந்து கூட்டுப் பண்ணைகளில் அமர்த்தியதன் விளைவு அது. கொயாண்டிச் சந்தை 1930-இல் நின்றுபோனதும் இதே அழிவின் பகுதி. கால்நடையே இல்லாமல் போனபின் கால்நடைச் சந்தை எப்படிக் கூடும்? கலிபெக் எந்த மக்களின் சிரிப்பில் வளர்ந்தாரோ அந்த மக்களும், அவர் நின்று நடித்த திடலும், அவர் அல்மா-அத்தாவில் மேடையில் நின்றுகொண்டிருந்த ஆண்டுகளிலேயே இல்லாமல் போனார்கள்.

அடுத்து 1937, 1938. ஜுமாத் ஷானின் கைது செய்யப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடகங்களும் நகைச்சுவைக் காட்சிகளும் எழுதித் தொடக்க கால மேடைக்கு உணவளித்த பெயிம்பெத் மைலின் அதே கதிக்கு ஆளானார். நாடகாசிரியர் கொஷ்முகம்பெத் கெமெங்கெரோவும் அப்படியே. சத்வகாசோவ் அதற்கு முன்பே பதவி பறிக்கப்பட்டு, தன் மண்ணிலிருந்து அகற்றப்பட்டு, 1933-இல் மாஸ்கோவில் இறந்திருந்தார். ஆக, அரங்கத்தை உண்டாக்கியது அரசே என்று வாதிடுபவர்கள், அதை உண்டாக்கிய மனிதர்களை அந்த அரசு என்ன செய்தது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

நடிகர்களில் பெரும்பாலோர் தப்பினார்கள். அவர்கள் தப்பியதைக் குறையாகப் பேசும் ஒரு போக்கு இருக்கிறது, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. மறைந்தவர்களின் சொற்களை அச்சில் வைத்திருக்க முடியாத ஆண்டுகளில், அவர்கள் கற்றுக்கொடுத்த நடையும் உச்சரிப்பும் இந்த நடிகர்களின் உடலில்தான் எஞ்சியிருந்தன.

26 ஜனவரி

நேற்றைய குறிப்பைப் படித்த ஒரு வாசகர், கலிபெக் அந்த ஆண்டுகளில் என்ன நடித்துக்கொண்டிருந்தார் என்று கேட்கிறார். ஓர் எடுத்துக்காட்டு போதும். 1936-இல் ரஷ்ய எழுத்தாளர் கோகோலின் "தணிக்கை அதிகாரி" நாடகம் கஸாக் மொழியில் மேடையேறியபோது நகர மேயராக நடித்தவர் கலிபெக். மேலதிகாரி வருகிறார் என்ற செய்தியால் குலைநடுங்கி, ஆள்மாறாட்டத்தை உணராமல், கையில் கிடைத்த ஓர் ஊதாரி இளைஞனை விழுந்து விழுந்து உபசரிக்கும் அதிகாரியின் பாத்திரம் அது. கொயாண்டியில் அதிகாரிகளின் மிடுக்கைச் செய்துகாட்டியவருக்கு, அந்த மிடுக்கு அச்சமாக உடைந்துபோகும் கணத்தை நடிக்க வேறு யார் கற்றுக்கொடுத்திருக்க முடியும்? அப்படிப்பட்ட அச்சம் அரங்கத்துக்கு வெளியேயும் பரவிக்கொண்டிருந்த ஆண்டு அது என்பதை நினைத்தால், அந்த அவையில் அமர்ந்து சிரித்தவர்களைப் பற்றி நான் நெடுநேரம் யோசிக்கிறேன்.

30 ஜனவரி

இப்போது அபாய்.

அபாய் குனன்பாயெவ் (1845–1904) கஸாக் எழுத்திலக்கியத்தின் முதன்மைக் கவிஞர். 1940-இல் அவுயெஸோவும் ரஷ்ய எழுத்தாளர் லியோனித் சோபோலெவும் சேர்ந்து எழுதிய "அபாய்" நாடகத்தை, மாஸ்கோவில் முறையாக இயக்கம் பயின்று திரும்பிய முதல் கஸாக் இயக்குநரான அஸ்கர் தொக்பானோவ் மேடையேற்றினார். அபாயாக நின்றவர் கலிபெக். அவருக்கு அப்போது நாற்பத்தேழு வயது, தொக்பானோவுக்கு இருபத்தைந்து. பள்ளியே பார்க்காத நடிகரும் பள்ளியிலிருந்து நேரே வந்த இயக்குநரும் சந்தித்த இடம் அந்த நாடகம்.

இதில் ஒரு வாசகரின் குறிப்பைத் திருத்த வேண்டும். அவுயெஸோவின் புகழ்பெற்ற அபாய் நாவலை நாடகமாக்கினார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். நாவலின் முதல் நூல் வெளிவந்தது 1942-இல், அதாவது நாடகத்துக்குப் பின். இந்த வரிசை வெறும் ஆண்டுக் கணக்கு அன்று. பெரும்பாலான வாசகர்கள் நாவலில் அபாயைச் சந்திப்பதற்கு முன், அல்மா-அத்தா மக்கள் கலிபெக்கின் முகத்திலும் குரலிலும் அவரைச் சந்தித்துவிட்டார்கள்.

அபாய் இறந்து அப்போது முப்பத்தாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவரை நேரில் பார்த்த முதியவர்கள் உயிரோடிருந்த காலம் அது. அவுயெஸோவே சிறுவனாக அவரைப் பார்த்தவர், அவருடைய பாட்டனார் அபாயின் நண்பர். ஒரு புராண வீரனை நடித்தால் யாரும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. தாத்தாவின் நண்பரை நடித்தால் அவையில் ஒருவர் எழுந்து, "அவர் இப்படிப் பேசமாட்டார்" என்று சொல்லிவிட முடியும். நகைச்சுவை நடிகர் என்று பெயர் பெற்றவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்ததை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன். தயங்கியவர்களும் இருந்திருப்பார்கள்.

2 பிப்ரவரி

அந்த நடிப்பை மேடையில் பார்த்தவர்கள் இப்போது அரிது. ஆனால் திரைப்படம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது மாஸ்கோ, லெனின்கிராத் திரைப்பட நிலையங்கள் அல்மா-அத்தாவுக்குப் பெயர்ந்திருந்தன. ஐஸன்ஸ்டைன் "பயங்கர இவான்" படத்தை எடுத்ததும் அங்கேதான். அப்படி வந்தவர்களில் ஒருவரான கிரிகோரி ரோஷல், எஃபீம் ஆரோனுடன் சேர்ந்து இயக்கி, 1945-இல் வெளிவந்தது "அபாயின் பாடல்கள்". அபாயாகக் கலிபெக்கே நடித்தார். குல நீதிமன்றத்தின் தண்டனைக்கு ஆளான ஐதார், அஜார் என்ற காதலர்களுக்காக அபாய் வாதாடுகிறார், அவர்கள் பிழைக்கிறார்கள், ஆனால் பொறாமை கொண்ட ஷாரிப் என்ற இளைஞன் ஐதாரை நஞ்சுக்கு இரையாக்குகிறான். ஷாரிப்பாக ஷாகென் ஐமானோவ் நடித்தார். பிற்காலத்தில் கஸாக் திரைப்படத் துறைக்கே முகமானவர் அவர்.

மருத்துவம் படிக்கக் கரகண்டிக்குப் போயிருந்த காலத்தில், விடுதியில் கஸாக் நண்பர் ஒருவரின் கணினியில் இந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். மொழி பாதிதான் புரிந்தது. படம் பழையது, ஒலி தேய்ந்திருந்தது. ஆனால் நீதிமன்றக் காட்சியில் கலிபெக் பேசத் தொடங்கியதும் அறையில் பேச்சு நின்றது. அகன்ற முகம், கனத்த உடல், அவசரமே இல்லாத குரல். கைகளை அவர் அதிகம் பயன்படுத்துவதில்லை. மற்றவர்கள் பேசும்போது அவர் கேட்கிறார். அந்தக் கேட்பது நடிப்பாகவே தெரிவதில்லை, உண்மையாகவே அந்தச் சொற்களை முதன்முறையாகக் கேட்டு உள்ளே எடைபோடுவது போல இருக்கிறது. சிரிப்பூட்டும் கலைஞன் கூட்டத்தின் ஓசையை எப்படிக் காதுகொடுத்துக் கேட்பானோ அதே கூர்மை அங்கே இருந்தது என்று பின்னாளில்தான் எனக்குப் புரிந்தது. சந்தையில் அந்தக் காது அடுத்த நகைச்சுவையை எப்போது வீசுவது என்று கணிக்கப் பயன்பட்டது. அபாயிடம் அது ஒரு நீதிமானின் பொறுமையாக மாறியிருந்தது.

பலர் எழுதுவதுபோல், அவர் நகைச்சுவையை விட்டுவிட்டுத் துன்பியலுக்கு உயர்ந்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போகவில்லை. முன்னதைக் கொண்டே பின்னதைச் செய்தார்.

3 பிப்ரவரி

கர்கராலிக்குப் போயிருக்கிறீர்களா என்று ஒருவர் கேட்டார். போயிருக்கிறேன். கிரானைட் குன்றுகளும் பைன் காடும் சூழ்ந்த அழகிய ஊர். கொயாண்டி இருந்த பக்கத்துக்கும் நண்பரின் உறவினர் அழைத்துச் சென்றார். புல்வெளிதான். காற்றின் ஓசையில் பக்கத்தில் நின்றவர் சொன்னதே சரியாகக் கேட்கவில்லை. இந்தக் காற்றில் நின்று நூற்றுக்கணக்கானவர்களைக் கேட்கவைத்த குரல் எத்தகையதாக இருந்திருக்கும் என்று அங்கே நின்றபோது உணர்ந்தேன். 15 ஜனவரிக் குறிப்பில் குரலைப் பற்றி எழுதியதற்கு அந்த அனுபவமே காரணம்.

7 பிப்ரவரி

"முதல் தலைமுறை மட்டும் தானாக வந்தது, அடுத்த தலைமுறை முழுக்கப் பள்ளியில் பயின்றது, அப்படியானால் சந்தை மரபு அதோடு முடிந்தது அல்லவா?" என்ற கேள்வி வந்திருக்கிறது. இந்த விவாதத்தில் இதுவரை வந்தவற்றுள் இதுவே நல்ல கேள்வி.

கதீஷா புகேயெவா 1938-இல் லெனின்கிராதில் நாடகக் கல்வி முடித்துத் திரும்பினார். 1943-இல் ஷேக்ஸ்பியரின் "அடங்காப் பிடாரி" நாடகம், அவுயெஸோவின் மொழிபெயர்ப்பில், போர்க்காலத்தில் அல்மா-அத்தாவுக்கு வந்திருந்த ஓல்கா பிஜோவா, போரிஸ் பிபிகோவ் ஆகியோரின் இயக்கத்தில் மேடையேறியது. புகேயெவா கத்தரினாவாகவும் ஐமானோவ் பெத்ருக்கியோவாகவும் நடித்தார்கள். இன்றும் கஸாக் நாடக வரலாற்றைப் பேசுபவர்கள் அந்த நிகழ்ச்சியை விடாமல் குறிப்பிடுகிறார்கள். இருவரும் கலிபெக்கோடு அதே அரங்கத்தில், அதே ஒப்பனை அறைகளில் பல ஆண்டுகள் கழித்தவர்கள். பள்ளியில் மூச்சையும் அசைவையும் கற்றுவந்த இளையவர்கள், கஸாக் சொல்லை எந்த இடத்தில் நிறுத்தி எந்த இடத்தில் விடவேண்டும் என்பதை மூத்தவர்களிடமிருந்து கேட்டுப் பெற்றிருக்க வேண்டும். லெனின்கிராதில் ரஷ்ய ஆசிரியர்கள் அதைக் கற்றுக்கொடுத்திருக்க முடியாது.

இருப்பினும் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. கேட்போரைப் பார்த்துச் சொல்லை மாற்றும் அந்தப் பழைய உரிமை மேடையிலிருந்து போய்விட்டது. அது ஐதிஸ் களத்தில் மட்டும் உயிரோடிருக்கிறது. கலிபெக்கின் தலைமுறையோடு இரு வகைக் கலையும் ஒரே உடலில் இருந்த காலம் முடிந்தது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். இது எனக்கு வருத்தமே.

8 பிப்ரவரி

பட்டங்களைப் பற்றிக் கேட்டவருக்கு: 1952-இல் ஸ்டாலின் பரிசு, 1959-இல் சோவியத் ஒன்றியத்தின் மக்கள் கலைஞர் பட்டம். இரண்டாவது பட்டத்தை அதே ஆண்டில் ஐமானோவும் பெற்றார். இருவருக்கும் இடையில் இருபத்தொரு ஆண்டு வயது வேறுபாடு.

15 பிப்ரவரி

முதல் வாசகர் மீண்டும் வந்திருக்கிறார். "சரி, அவரை முதல் கஸாக் நடிகர் என்று அழைக்கலாமா?" என்று கேட்கிறார்.

அழைக்க வேண்டாம் என்பதே என் கருத்து, அவர்மீது எனக்குள்ள மதிப்பு குறைவு என்பதால் அன்று. கோஸி-கோர்பெஷ் காதல் கதையில் நண்பனின் மகனுக்குத் தன் மகளைக் கொடுப்பதாக வாக்களித்துவிட்டு, அந்த நண்பன் இறந்ததும் மந்தையோடு ஓடிப்போகும் கஞ்சன் கராபாய் என்றால், அந்தக் கால அரங்க ரசிகர்களுக்குச் சேர்கே கொஜம்குலோவின் முகம்தான் நினைவுக்கு வரும். முதல் கஸாக் பேசும் படமான "அமாங்கெல்தி"யில் தலைமை வேடம் ஏற்றவர் யெலுபாய் உமுர்சாகோவ். 1966-இல் ஐமானோவின் "தந்தையர் பூமி"யில், போரில் மாண்ட மகனின் எலும்பைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுவரப் பேரனோடு புறப்படும் முதியவராக நடித்தவரும் அவரே. ஒரே குழுவாக ஒரே நாளில் மேடையேறியவர்களுள் ஒருவரை மட்டும் முதல்வர் ஆக்குவது மற்றவர்களுக்கு அநீதி.

கஸாக் மக்களும் அப்படிச் செய்யவில்லை. ஷிம்கெந்த் அரங்கத்துக்கு ஜுமாத் ஷானின் பெயர், ஜெஸ்கஸ்கான் அரங்கத்துக்குச் சேர்கே கொஜம்குலோவின் பெயர், அல்மாத்தியிலுள்ள தாய் அரங்கத்துக்கு 1961 முதல் அவுயெஸோவின் பெயர். 1991-இல் இன்றைய அஸ்தானாவில் திறக்கப்பட்ட கஸாக் இசை நாடக அரங்கம் கலிபெக் குவானிஷ்பாயெவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்போது அந்த ஊர் ரஷ்ய மொழியே எங்கும் ஒலித்த ஒரு மாகாண நகரம், தலைநகராகவில்லை. அத்தகைய இடத்தில் கஸாக் மொழிக்கு ஒரு மேடை அமைத்தபோது, கவிஞரின் பெயரையோ தலைவரின் பெயரையோ வைக்காமல் ஒரு நடிகரின் பெயரை வைத்தார்கள்.

16 பிப்ரவரி

படத்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று கேட்டவர்களுக்கு: "அபாயின் பாடல்கள்" படத்தை முழுதாகவே பாருங்கள். நேரமில்லை என்றால் நீதிமன்றக் காட்சியை இருமுறை பாருங்கள். முதல் முறை அவர் பேசும்போதும், இரண்டாம் முறை மற்றவர்கள் பேசும்போதும் அவரையே கவனியுங்கள்.